பண்டுப் பணத்து ஓடு

தன் புருஷன் வீடு கட்டுகிற சங்கதி பழனியம்மாளுக்குப் புளியஞ்சோலை ஓடைக்கரையில்தான் தெரிந்தது. அதுவும் ஊரான் வாயால் தெரிந்தது.

பனிக்காலம் வந்துவிட்டால் அவள் மலையடிவாரத்தில் தங்கை ராமாயி வீட்டுக்கு இறங்கிவிடுவாள். மேலே கொல்லிமலையில் மூடுபனி படிந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள்ளே பூனை கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். கார்த்திகையில் இறங்கி மாசியில் ஏறுவது வருஷா வருஷம் வழக்கம். அப்படி ஒரு தை மாதத்தில் துணி துவைக்க ஓடைக்குப் போனபோது, மலைக்காரர்கள் இருபது பேர் தலையில் சும்மாடு வைத்துச் சீமை ஓட்டைச் சுமந்துகொண்டு பாதை ஏறுவதைப் பார்த்தாள். மலையில் இருப்பதெல்லாம் புல் வேய்ந்த வீடு. அங்கே சீமை ஓடு யாருக்கு என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏனுங்க, யாரு ஊட்டுக்குங்க ஓடு போவுது?"

முன்னால் போன சுப்பையன், சுமைகாரர்களுக்கு மேஸ்திரி, அவளை அடையாளம் கண்டு சிரித்தான். "நல்லாக் கேட்டீங்க போங்க. உங்க ஊட்டுக்குத்தானுங்க அம்மணி. டாக்டரய்யா கல்லு ஊடு கட்டறாரில்லீங்க. செவுரு தோள் மட்டம் வந்துருச்சு."

பழனியம்மாள் சேலையைப் பிழியக்கூட இல்லை. அப்படியே வாரிச் சுருட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தாள். "பண்டுல கை வெச்சுட்டாரு ராமாயி" என்றாள். அந்த மனுஷனிடம் வேறு பணம் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுப்பையன் சொன்ன டாக்டரய்யா, டாக்டர் இல்லை. அவள் புருஷன் அர்த்தனாரி மலைமேல் பெரக்கரை நாட்டில் ஜில்லா போர்டு நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் காம்பவுண்டர். டாக்டர் என்று ஒருவர் மாதம் ஒருதரம் வந்தால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் மிக்சர் கலக்குவது, புண் கழுவுவது, நாடி பிடித்து நெற்றியைச் சுருக்குவது எல்லாம் அர்த்தனாரிதான். மலை ஜனங்கள் அவரை டாக்டரய்யா என்றார்கள். அவரும் ஒருநாளாவது அதைத் திருத்தினவர் இல்லை.

பழனியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எனக்குத்தான் சேலத்துல ஒரு மகன் வளர்றானே" என்பாள். அவள் சொன்னது பண்டை. மாதாமாதம் அர்த்தனாரி சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அதற்குச் சமமாகப் போர்டும் போட்டு, மேலே சர்க்கார் வட்டியும் சேர்ந்து வளர்கிற பிராவிடண்டு பண்டு. அந்தக் காலத்தில் அவருடைய உத்தியோகத்துக்குப் பென்ஷன் கிடையாது. வயது ஐம்பத்தைந்து ஆனால் பண்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். அதுவரை அது யார் கைக்கும் எட்டாது. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் எட்டாது, அண்ணன் தம்பி காலில் விழுந்தாலும் எட்டாது. புருஷனுக்கே எட்டாது என்பதுதான் அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அது வந்ததும் அடிவாரத்தில் ஒரு சின்ன வீடு, இரண்டு எருமை, மூச்சு விட நல்ல காற்று. இதை நம்பித்தான் அவள் இத்தனை வருஷம் மலையில் கிடந்தாள்.

வீடு கட்டுவதற்கென்று கேட்டால் தவணைக்கு முன்னாலேயே பண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருப்பதை அர்த்தனாரி அவளிடம் மூச்சுக்கூட விடவில்லை. மனை இருப்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஊர்க்கவுண்டர் காத்தானிடம் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக் கொடுத்தார். சேலத்தில் அது போதுமானதாக இருந்தது.

பனி என்றும் பாராமல் அன்றைக்கே பழனியம்மாள் மலை ஏறினாள். ஏறி முடித்தபோது பேச மூச்சில்லை. பாதிச் சுவரின் மேல் கைவைத்து நின்று, மூச்சு அடங்கியதும் கேட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம பண்டை எடுத்தீங்களா?"

"எம் பண்டு. எஞ் சம்பளத்துல புடிச்சது." அர்த்தனாரி கொத்தனாரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அங்க கெடந்தா அது வெறுங் காகிதம் புள்ள. நாளைக்குச் சர்க்கார் மாறுச்சுன்னா யாரு கண்டது? கல்லுன்னா நிக்கும். வாடகை உண்டா? எந்திரின்னு ஒருத்தன் சொல்லுவானா?"

"கீழ கட்டியிருந்தா உங்க கல்லு நிக்காதுங்களா?"

அவர் கொத்தனாருக்கு ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். பதில் இருந்தது, வெளியே சொல்லத்தான் வெட்கம். கீழே இறங்கினால் அவர் வெறும் காம்பவுண்டர். சேலத்து ஆஸ்பத்திரியில் நேற்றுப் படித்து வந்த பையன் டாக்டர் எல்லாம், "ஏய்யா காம்பவுண்டர், அந்தத் தட்டை எடு" என்று கூப்பிட்டது அவருக்கு மறக்கவில்லை. சாகிறவரைக்கும் டாக்டராக இருப்பதற்கு அவர் ஓர் இடம் வாங்கினார். அதற்கு விலை பெண்டாட்டியின் மூச்சு. மனுஷன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அறுந்தது அவர்கள் பேச்சு. பழனியம்மாள் சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அடுப்பிடம் சொன்னாள். "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் அடுப்பைப் பார்த்து. அவரும் விடாப்பிடிக்காரர். "எனக்குப் பசியில்லைன்னு சொல்லு" என்று அதே அடுப்புக்குப் பதில் சொல்லுவார். அப்படியே வருஷங்கள் ஓடின.

வீடு நன்றாகத்தான் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு. கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே சிவப்பு ஓடு. மலை ஜனங்கள் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்தவளுக்கல்லவா தெரியும்! மலைக்காரன் வீட்டில் மண் சுவரும் புல் கூரையும் அடுப்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தக் கல் சூட்டைக் குடித்துவிட்டு ஈரத்தைக் கக்கியது. ஐப்பசியில் சுவரில் கை வைத்தால் கை நனையும். கார்த்திகையில் பாய் நனையும். முன்பு குடியிருந்த போர்டு கொட்டகையில் கார்த்திகைக்கு வருகிற இழுப்பு, இந்தப் புது மாளிகையில் புரட்டாசிக்கே வந்து நின்றது.

அர்த்தனாரிக்கு வயது முடிந்தது. மாலை போட்டார்கள், ஒரு குடை கொடுத்தார்கள். எடுத்தது போகப் பண்டில் மிச்சம் இருந்ததும் வந்தது. முன்னாலேயே பெரும் பங்கை உருவிவிட்டால் வட்டி எதன்மேல் ஏறும்? வந்த கொஞ்சத்தில் அவர் சமையல்கட்டுக்குத் தளம் போட்டார். சம்பளம் ஏற்கனவே நின்றாயிற்று; தளம் காய்வதற்குள் வீட்டில் அரிசியும் நின்றுபோய், சாமைக் கஞ்சியும் மரவள்ளிக் கிழங்கும் ஆயிற்று. வீடு வாடகை கேட்கவில்லைதான். சோறும் போடவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு புதுக் காம்பவுண்டர் வந்தான். சின்ன வயது, ஊசி போடத் தெரிந்தவன். ஒரு வாரம்தான். அதற்குள் அவன் டாக்டரய்யா ஆகிவிட்டான். அர்த்தனாரி வாசலில் நாற்காலி போட்டுப் பாதையைப் பார்த்து உட்கார்ந்தார். போகிறவர்கள், "பழைய டாக்டரய்யா, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள். எந்தப் பட்டத்துக்காகப் பண்டை இறைத்தாரோ அந்தப் பட்டம் உத்தியோகத்தோடு போய்விட்டது. பழனியம்மாளுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இருக்காதா பின்னே?

முதல் பனிக்கு அவள் வழக்கம்போல ராமாயி வீட்டுக்கு இறங்கினாள். முன்னெல்லாம் போகும்போது அரிசி, வெல்லம், தங்கச்சி பிள்ளைகளுக்குத் துணி என்று கொண்டுபோவாள். இப்போது வெறுங்கை. ராமாயி புருஷன் குழந்தைசாமி கெட்டவன் இல்லை. ஆனால் தட்டில் சோறு விழும்போது அவன் முகம் வேறு பக்கம் திரும்பியது. பத்து நாளில் அவள் மலை ஏறிவிட்டாள். கிளம்பும்போது குழந்தைசாமியே வந்து சொன்னான்: "மாட்டுக்கொட்டாயை ஒட்டி ஒரு சாய்ப்பு இழுத்துக்கங்க அக்கா. செவுரு நான் வெச்சுத் தர்றேன். மேலுக்குக் கூரை மட்டும் நீங்க பாத்துக்கங்க. ஒரு எருமையைப் புடிச்சுட்டா உங்க பாட்டை நீங்க பாத்துக்கலாம்." மேலுக்குப் பார்க்க அவளிடம் என்ன இருந்தது? சும்மா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்தப் பனியை மலையில் எப்படியோ தள்ளினாள். அடுத்த ஐப்பசியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு பாதையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. புதுக் காம்பவுண்டர் ஓடி வந்து ஊசி போட்டு, மூச்சு திரும்பியதும் அர்த்தனாரியைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாகத்தான் கூப்பிட்டான், ஆனால் அவள் காது நன்றாக இருந்தது.

"ஐயா, உங்களுக்குத் தெரியாததில்ல. இந்தப் பனியை அம்மா மலையில கழிச்சா, தை பொறக்கறதைப் பாக்க மாட்டாங்க. கீழ கொண்டு போயிருங்க."

அதற்குப் பிறகுதான் வீட்டை விற்கிற பேச்சு வந்தது. அதையும் அர்த்தனாரி தானாகத் தொடங்கவில்லை. துறையூர் மிளகு வியாபாரி குப்புசாமி மலைக்கு வந்தவர், சரக்குப் போட்டு வைக்க நல்ல கட்டடம் என்று கண்ணால் அளந்தார். விலையும் சொன்னார். போட்ட பண்டில் பாதிகூட இல்லை, ஆனாலும் கீழே ஒரு வாழ்க்கைக்குக் காணும். பழனியம்மாள் அன்றைக்கு அடுப்பிடம், "குடுத்தர்றதுதான் நல்லதுன்னு சொல்லு" என்றாள். அர்த்தனாரி முகட்டைப் பார்த்துக்கொண்டே சரி என்றார்.

மறுநாள் காலையில் வாசலில் ஊர் கூடிவிட்டது. காத்தான் நடுவில் நின்றான். பல்லுக்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பேசினான்.

"ஊட்டை விக்கறீங்களாமா?"

"ஆமாம் காத்தான். எம் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லை."

"அது சரிங்க. எந்த மண்ணை விக்கறீங்க?"

அர்த்தனாரி உள்ளே போய் காகிதத்தின் நகலை எடுத்து வந்தார். காத்தான் அதைத் தொடவில்லை. "நான் ரேகை வெச்சது இருக்கறதுக்குங்க. டாக்டரு நம்மூர்ல குடியிருக்கட்டும்னு வெச்சேன். மண்ணு என்னுது இல்லீங்களே, நான் எப்படிக் குடுப்பேன்? எங்க பங்காளிக அத்தனை பேரு மண்ணு. சாமி மண்ணு. இதுல யாரு வேணா இருக்கலாம், வெள்ளாமை வெக்கலாம். போறப்பக் கீழயிருந்து கொண்டாந்ததைக் கொண்டுட்டுப் போலாம். மண்ணும், மண்ணுல வெட்டி எடுத்த கல்லும் இங்கயே கெடக்கும். துறையூர்க்காரனுக்கு விக்க முடியாதுங்க."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். அதில் புதுசு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் ஒரு குடும்பம் இடம் மாறினால் கூரையைப் பிரித்து, கம்பைப் பிடுங்கி, கதவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்விடும். அதனால்தான் அவர்கள் வீட்டை ஆணியும் சுண்ணாம்பும் போட்டு இறுக்காமல் கயிற்றால் கட்டினார்கள். அர்த்தனாரி அந்த மாதிரி எத்தனையோ குடும்பம் போவதைத் தன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மலைக்காரனுக்குப் பத்திரம் தெரியாது, அதனால் இப்படி அலைகிறான் என்று நினைத்துக்கொண்டார். கையில் காகிதம் இருக்கிறவன் அதைத்தான் நினைப்பான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார்.

"கல்லுலயா கட்டறீங்க, போறப்ப என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேனுங்களே. நான் எங்கடா போகப் போறேன்னு சிரிச்சீங்க." காத்தான் சுவரைத் தட்டிப் பார்த்தான். வாங்க வந்தவன் மாட்டைத் தட்டுகிற தட்டு அது. "போறதுன்னா போங்க. ஊடு பத்திரமா இருக்கும். எம் மவனுக்கு அடுத்த வைகாசியில கல்யாணம்."

ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த குப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. அர்த்தனாரி கதவைச் சாத்தித் தாழ் போட்டார். "அவனுக்கா உட்டுட்டுப் போவேன்?" என்று பல்லைக் கடித்தார். "எம் பண்டு இது. ரத்தம். இந்த ஊட்டை உட்டு நான் எறங்க மாட்டேன். பொணமாத்தான் எறங்குவேன்."

பழனியம்மாள் அடுப்பைப் பார்க்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களைக் கேக்கலீங்க. நான் பொணமானா?"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? பண்டு பூராவும் இதுல கெடக்குது. தலையெழுத்து எப்படியோ அப்படி நடக்கும்."

தலையெழுத்தாம்! சேலத்துக்கு நடையாய் நடந்து அவர் எழுதிக் கொடுத்த எழுத்தைத் தலையெழுத்து என்று சொல்ல அந்த வாய்க்கு எப்படி வந்தது? அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷன் தன்னைக் கொன்றாலும் கொல்லுவான், கல்லை விடமாட்டான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்தது. அதோடு, காத்தான் சொன்ன சட்டத்தை அவள் இன்னொரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கீழேயிருந்து கொண்டுவந்ததைக் கொண்டுபோகலாம்.

மறுநாள் விடிந்ததும் சுப்பையன் வீட்டுக்குப் போனாள். "ஓடு ஏத்துனவன் நீதானே? எறக்கித் தர்றியா? கூலிக்குக் காசில்லை. கதவும் ஜன்னலும் தேக்கு. எடுத்துக்க." சுப்பையன் அவள் உதட்டையும் அவள் மூச்சு விடுகிற சத்தத்தையும் கவனித்துவிட்டு, துண்டை எடுத்துத் தலையில் கட்டினான்.

அவர்கள் ஏணி வைத்தபோது அர்த்தனாரி வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எவன்டா அது மேல? எறங்குடா! நான் உசுரோட இருக்கறப்ப எங் கூரையில கை வெப்பீங்களா?"

"நான் உசுரோட இருக்கறப்பவே வெச்சாத்தானுங்க உண்டு" என்றாள் பழனியம்மாள் வெளியே இருந்து. "நீ எடு சுப்பையா."

முகட்டு ஓடு முதலில் போனது. வீட்டுக்குள் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. பிறகு இரண்டு கோடு. பிறகு அவர் தலைக்கு மேல் வானமே வந்தது. அவர் திட்டாத திட்டு இல்லை. சுமைகாரர்களைத் திட்டினார், அவள் பிறந்த வம்சத்தைத் திட்டினார், மலையைத் திட்டினார். நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் பக்குவமாக அவரைச் சுற்றி வேலை செய்தார்கள்.

சத்தம் கேட்டுக் காத்தான் ஓடி வந்தான். அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "என்னங்க அம்மணி இது அநியாயம்? ஊட்டை இப்படி மொட்டை அடிக்கறீங்களே! சும்மா உட்டுட்டுப் போனா நல்லா இருக்குமுங்களே."

"கீழயிருந்து கொண்டாந்த ஓடுங்க கவுண்டரே. ஓட்டைத் தாங்கற கைமரமும் கீழயிருந்து வந்ததுங்க. நேத்து ஊரு முன்னால நீங்க சொன்ன சட்டந்தானுங்க. செவுரு உங்க மண்ணுது. நீங்களே வெச்சுக்கங்க. உங்க மவன் கல்யாணத்துக்குக் கூரை நீங்க போட்டுக்கங்க."

சுற்றி நின்ற பங்காளிகளில் யாரோ ஒருவன் சிரித்தே விட்டான். சட்டம் சட்டம்தான். ஒருத்தரும் ஓட்டைத் தடுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வீடு வெறும் நாலு சுவர் ஆயிற்று. மூடுபனி மேலேயிருந்து இறங்கிச் சுவர்களுக்குள் வந்து உட்கார்ந்தது. அர்த்தனாரி ஆஸ்பத்திரியில் கொடுத்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். பழனியம்மாள் கதவில்லாத வாசலில் நின்று கடைசியாகக் கேட்டாள்.

"வாரீங்களா?"

"போடி."

அவள் ஒரு துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். முன்னால் ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள். அவள் புருஷனுடைய அத்தனை வருஷத்துச் சம்பளப் பிடித்தமும், போர்டு போட்ட பங்கும், சர்க்கார் வட்டியும் அவர்கள் தலைகளில் ஓடாகவும் கைமரமாகவும் போய்க்கொண்டிருந்தது. வழுக்கினவன் ஒருவன் சுமையிலிருந்து நாலைந்து ஓடு விழுந்து நொறுங்கியது. குழந்தைசாமியின் சாய்ப்புக்குக் கொஞ்சம் வேண்டும். மீதியை விற்றால் ஒரு எருமை வருமா என்பதே சந்தேகம். ஒரு கிழட்டு எருமையாவது வரும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறங்க இறங்கக் குளிர் விட்டது. முதலில் பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்தாள். பிறகு பாறைக்குப் பாறை நின்றாள். மூங்கில் காடு தாண்டியதும் பனி மேலேயே நின்றுவிட்டது, வெயில் முதுகில் பட்டது. நெஞ்சுக்குள் இருந்த சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மூக்கு வழியாகவே மூச்சு விட முடிந்தது. எத்தனை மாதமாயிற்று அப்படி விட்டு!

அப்போது மேலேயிருந்து குரல் கேட்டது. பனிக்குள்ளிருந்து வந்த குரல், ஆள் தெரியவில்லை.

"பழனீ! ஏ பழனீ! நில்லு புள்ள, நானும் வாரேன்!"

கல்யாணம் ஆன நாளாக அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுப்பையன் சுமையோடு நின்று திரும்பிப் பார்த்தான். "ஐயா கூப்படறாருங்க அம்மணி. நில்லுங்க, இல்லாட்டி ஒரு சத்தம் குடுங்க."

சத்தம் கொடுக்க அவளுக்கு இப்போது மூச்சு இருந்தது. நெஞ்சு நிறைய இருந்தது. அவள் கொடுக்கவில்லை. "நட சுப்பையா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.